‘ஹோல் நைன் யார்ட்ஸ்’ நம்ம மடிசாரிலிருந்து போனதா?

2023 பிப்ரவரி 9, காலை 8.12 – ஒரு வாசகர் கேட்டது

குடும்ப வாட்ஸாப்பில் வந்தது. ஒன்று விடாமல், முழுக்க முழுக்க என்ற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் ‘தி ஹோல் நைன் யார்ட்ஸ்’ என்கிறார்களே, அது நம் ஒன்பது கெஜம் மடிசாரைப் பார்த்து வெள்ளைக்காரன் சொன்னதாம். ஆறு கெஜம் கட்டினால் சாதாரணம், ஒன்பது கெஜம் கட்டினால்தான் முழுசு. உண்மையா? எனக்கு உண்மை என்றுதான் படுகிறது.

பிப்ரவரி 9, இரவு 10.40

தீர்ப்பையும் நீங்களே எழுதிவிட்டு அப்பீல் கேட்கிறீர்கள்.

அர்த்தம் சரிதான். இந்தத் தொடரால் நான் அடிபட்டவன் என்பதால் அர்த்தம் மறக்கவே மறக்காது. 2009-ல் ஒரு அமெரிக்க சரக்குப் போக்குவரத்து கம்பெனிக்கு சாஃப்ட்வேர் மாற்றிக் கொடுக்கும் வேலை. ராத்திரி கால். அந்தப் பக்கத்து ஆள் உற்சாகமாக, ‘எங்களுக்கு ஹோல் நைன் யார்ட்ஸும் வேணும்’ என்றார். லாரியும் கன்டெய்னரும் நிறுத்தி வைக்கும் இடத்துக்கு அவர்கள் தொழிலில் யார்டு என்றுதான் பெயர். நான் மீட்டிங் குறிப்பில் ‘ஒன்பது யார்டுகளுக்கும் ஒரே கட்டமாக’ என்று எழுதி, ஒன்பதுக்கு ஆள் போட்டு, ஒன்பதுக்கு நாள் கணக்குப் போட்டு, பிளானையும் அனுப்பிவிட்டேன். மறுநாள் பதில் வந்தது: எங்களிடம் பதினாலு யார்டு இருக்கிறதே, எந்த ஐந்தை விட்டுவிட்டீர்கள்?

ஆகவே மடிசார் கதையை நம்ப எனக்கும் ஆசைதான். பழி தீர்த்த மாதிரி இருக்கும்.

பிப்ரவரி 9, இரவு 11.25

தூக்கம் வரவில்லை, இதையும் சொல்லிவிடுகிறேன். அப்பா மாயவரத்தில் சின்ன ஜவுளிக்கடை வைத்திருந்தார். சட்டப்படி மீட்டர் கோல்தான். ஆனால் பழைய இரும்பு கெஜக்கோல் ஒன்று மெத்தைக்கு அடியில் கிடக்கும். மடிசார் வாங்க வரும் மாமிகள் மீட்டரை நம்ப மாட்டார்கள். ‘முழுசா ஒம்பது கெஜம் இருக்கா? அளந்து காட்டுங்கோ’ என்பார்கள். அப்பா கோலை எடுத்து, துணியை அதன் மேல் இழுத்து, கட்டைவிரலால் பிடித்து, ஒண்ணு, ரெண்டு என்று சத்தமாக எண்ணுவார். ஒன்பது வருகிற வரை மாமி கண் சிமிட்டாது. தறியிலிருந்தே எட்டே முக்காலாக வந்து, கடைக்காரன் திருடன் என்று பெயர் வாங்கின நாளும் உண்டு.

அதனால் ‘முழு ஒன்பது கெஜம்’ என்பது எனக்கு ரொம்பப் பழகிய வாசகம். பழகியது என்பதற்காக அதுதான் மூலம் என்று ஆகிவிடாது என்பதையும் இப்போதே சொல்லி வைக்கிறேன், நாளைக்கு நானே மறந்துவிடுவேன்.

பிப்ரவரி 11, மாலை 6.05

மறந்துவிட்டேன்!

இன்று கிடைத்த சரக்கைக் கேளுங்கள். கென்டக்கி மாநிலத்தில் மவுண்ட் வெர்னன் என்று ஒரு சின்ன ஊர். அங்கே வந்த ‘மவுண்ட் வெர்னன் சிக்னல்’ பத்திரிகையில், 1912 மே மாதம், இந்தத் தொடர் வருகிறது. ஆனால் ஒன்பது இல்லை. ‘ஹோல் சிக்ஸ் யார்ட்ஸ்’. ஆறு கெஜம்! அடுத்த மாதமே அதே பத்திரிகையில் மறுபடியும். 1921-ல் தென் கரோலினாவின் ஸ்பார்ட்டன்பர்க் ஊர்ப் பத்திரிகை ஒன்றில் தலைப்பாகவே ‘தி ஹோல் சிக்ஸ் யார்ட்ஸ் ஆஃப் இட்’.

ஆறு, ஒன்பது. இரண்டும் புடவைக் கணக்கு. ஏழு இல்லை, எட்டு இல்லை. ஆபீஸ் கேன்டீனில் உட்கார்ந்து இதைப் படித்துவிட்டு மேசையைத் தட்டினேன், பக்கத்து டம்ளர் காபி கொட்டியது.

பிப்ரவரி 12, காலை 7.30

காபி தெளிந்துவிட்டது.

1912-ல் கென்டக்கியின் மலையடிவார ஊரில் பத்திரிகை நடத்தினவருக்குப் புடவை எங்கிருந்து வந்தது? மதராஸில் முந்நூறு வருஷம் குந்தியிருந்த இங்கிலீஷ்காரன் ஒன்பது கெஜத்தைப் பார்த்து ஒரு சொல்லைக் கட்டியிருந்தால், அது மதராஸ் ஆங்கிலத்தில் முதலில் வந்திருக்க வேண்டும். சுருட்டு போனது, கட்டுமரம் போனது, மிளகுத்தண்ணி சூப்பாகிப் போனது. அப்படிப் போன சொற்களையெல்லாம் யூலும் பர்னலும் 1886-ல் ‘ஹாப்சன்-ஜாப்சன்’ என்று தடி அகராதியாகவே போட்டார்கள். ஒன்பது கெஜம் அதில் இந்தப் பொருளில் இல்லை. தவிர, இது அமெரிக்கத் தொடர். பிரிட்டிஷ்காரன் இதே இடத்தில் ‘ஃபுல் மாண்டி’ என்பான். (அதற்கும் ஒரு தையல் கதை உண்டு. மாண்டேகு பர்ட்டன் என்ற தையல்கடைக்காரரிடம் மூன்று உருப்படி சூட் முழுசாக வாங்குவதாம். எல்லாக் கதையும் கடைசியில் துணிக்கடையில்தான் வந்து நிற்கிறது.)

மராத்திக்காரர்களும் இதே ஃபார்வர்டை வைத்துக்கொண்டு திரிகிறார்கள் என்பது கூடுதல் தகவல். அவர்களுடைய நௌவாரிக்குப் பெயரே ஒன்பது கெஜம் என்றுதான் அர்த்தம். நாம் இரண்டு பேரும் முதலில் நமக்குள் தீர்த்துக்கொள்ளலாம்.

பிப்ரவரி 14, இரவு 9.50

எனக்குத் தனியாக எழுதியவர்கள் ஏழு பேரில் ஐந்து பேர் ‘மெஷின் கன் கதை தெரியாதா?’ என்கிறார்கள். தெரியும். விமானப்படையில் இருந்து ரிடையர் ஆன எங்கள் சித்தப்பா சத்தியம் செய்து சொல்வார்: இரண்டாம் உலகப் போரில் போர் விமானத்தின் தோட்டாச் சரம் 27 அடி, அதாவது ஒன்பது கெஜம். சரம் முழுவதையும் ஒரே எதிரி மேல் தீர்த்துவிட்டால் ‘ஒன்பது கெஜத்தையும் கொடுத்துவிட்டேன்’ என்பார்களாம். தீபாவளிக்கு ஆயிரம் வாலாவை நீட்டிப்போட்டுப் பற்றவைத்தவர்களுக்கு இந்தக் கதை உடனே பிடித்துப்போகும்.

சிக்கல் மூன்று. தோட்டாவை யாரும் கெஜத்தில் எண்ணுவதில்லை, எத்தனை ரவுண்டு என்றுதான் கேட்பார்கள். விமானத்துக்கு விமானம், அதே விமானத்திலேயே துப்பாக்கி இருக்கும் இடத்துக்கு இடம், சரத்தின் நீளம் மாறும். மூன்றாவது, அந்தப் போர்க்காலக் கடிதங்களிலும் பத்திரிகைகளிலும் எவ்வளவோ சிப்பாய்ப் பேச்சு அச்சேறியிருக்கிறது, இந்தத் தொடரை மட்டும் தேடினவர்களுக்கு ஒருமுறை கூட அகப்படவில்லை.

விமானப்படை மேல் ஏன் சந்தேகம் விழுந்தது என்பதற்கு மட்டும் காரணம் இருக்கிறது. 1960-களில் வியட்நாம் போன அமெரிக்க விமானப்படை ஆட்கள் இதை வாய்க்கு வாய் சொன்னார்கள். 1964-ல் அரிசோனாவின் டூசான் நகரப் பத்திரிகை ஒன்று, விண்வெளித் துறைக்காரர்களின் பேச்சுவழக்கு என்றே இதைப் போட்டு, ‘ஒவ்வொரு அயிட்டமாக முழு ரிப்போர்ட் கொடு’ என்று அர்த்தமும் சொன்னது. போர் முடிந்து திரும்பியவன் வாயில் கேட்டவர்கள், அவன் துப்பாக்கியையே காரணமாக்கிவிட்டார்கள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரனை பர்ஸ் திருடினதற்குப் பிடித்த மாதிரி.

பிப்ரவரி 14, இரவு 10.20

கான்கிரீட் கதையை விட்டுவிட்டேன். ரெடிமிக்ஸ் லாரி ஒன்பது க்யூபிக் யார்டு பிடிக்குமாம், முழு லோடையும் கொட்டினால் ஹோல் நைன் யார்ட்ஸாம். நியூயார்க் டைம்ஸில் வாராவாரம் மொழிப் பத்தி எழுதிய வில்லியம் ஸஃபையருக்கு இதன் மேல் ஒரு காலத்தில் சாய்வு இருந்தது. ஆனால் 1960-களின் ஆரம்பத்தில் அமெரிக்காவில் சராசரி லாரிக்கு ஆறு க்யூபிக் யார்டுக்குச் சற்று மேலேதான் கொள்ளளவு. ஒன்பதைப் போட்டால் சிமெண்ட் ரோட்டில் கோலம் போட்டுக்கொண்டு வரும்.

பிப்ரவரி 15, காலை 8.02

அமெரிக்கக் கால்பந்து என்று சொன்ன நண்பருக்கு: அந்த ஆட்டத்தில் பந்தைத் தக்கவைக்க நாலு முயற்சிக்குள் பத்து கெஜம் தாண்ட வேண்டும். ஒன்பது பத்தாது.

பிப்ரவரி 15, காலை 8.04

சிலேடை தானாக வந்து விழுந்தது. அடிக்காதீர்கள்.

பிப்ரவரி 17, இரவு 11.10

11-ம் தேதிக் குறிப்பில் ‘முதலில் ஆறு, பிறகு ஒன்பது’ என்ற மாதிரி ஒரு தோரணை வந்துவிட்டது. திருத்துகிறேன். அந்தத் தோரணை நானாகக் கிளப்பியதும் அல்ல. அந்த 1912 ஆறு கெஜத்தைத் தோண்டி எடுத்தவர் பானி டெய்லர்-பிளேக். வட கரோலினா பல்கலைக்கழகத்தில் நரம்பியல் ஆராய்ச்சி பார்ப்பவர், பழைய பத்திரிகைகளைக் கிளறுவது பொழுதுபோக்கு. 2012 கடைசியில் செய்தி வெளியானபோது, யேல் சட்ட நூலகத்தின் ஃப்ரெட் ஷாபிரோ ஒரு விளக்கம் கொடுத்தார்: இது பணவீக்கம் மாதிரி எண்வீக்கம். ஆங்கிலத்தில் ஆனந்தத்தில் மிதப்பதற்கு ஏழாம் மேகம் என்றிருந்தது போகப்போக ஒன்பதாம் மேகம் ஆன மாதிரி, ஆறு கெஜமும் ஒன்பதாக ஊதிவிட்டது. ரொம்ப அழகான விளக்கம். நானும் மயங்கினேன்.

அடுத்த வருஷமே அதே டெய்லர்-பிளேக் இன்னும் பழைய தாளை எடுத்துப் போட்டார். இண்டியானா மாநிலம், மிட்ச்செல் என்ற ஊர், ‘மிட்ச்செல் கமர்ஷியல்’ பத்திரிகை, 1907 மே 2. உள்ளூர் பேஸ்பால் அணி கடைக்காரர்களோடு மோதுகிறது. கடைக்காரர்கள் தாங்குகிற வரை ஆடுவார்கள், ஆனால் ‘முழு ஒன்பது கெஜத்துக்கும்’ உத்தரவாதம் தர முடியாது என்று கிண்டல். ஆக, கையில் இருக்கும் தாளின்படி ஆறுக்கு ஐந்து வருஷம் மூத்தது ஒன்பது. வீக்கத்துக்கு வழியில்லை, ஆறும் ஒன்பதும் ஒரே காலத்தில் பக்கத்துப் பக்கத்து மாநிலங்களில் ஓடியிருக்கின்றன.

அதோடு சித்தப்பா கதையும் முடிந்தது. 1907 என்றால் ரைட் சகோதரர்கள் முதல்முதலாகப் பறந்து நாலாவது வருஷம். தோட்டாச் சரம் தொங்கவிட விமானத்தில் இடம் ஏது? போன் போட்டுச் சொன்னேன். ‘அப்ப கப்பல்ல இருந்திருக்கும்’ என்றார். கப்பல் பாய்மரக் கழிக்கும் யார்டு என்றுதான் பெயர், மூன்று மரத்தில் மும்மூன்று கழி என்று அதற்கும் ஒரு கோஷ்டி உண்டு. பாய்க்கப்பல் கோலோச்சிய அத்தனை நூற்றாண்டில் ஒரு மாலுமி கூட இதைச் சொன்னதாகத் தாள் இல்லை என்றேன். வைத்துவிட்டார்.

பிப்ரவரி 18, மதியம் 1.15

‘பேஸ்பாலில் ஒன்பது பேர், ஒன்பது இன்னிங்ஸ், விஷயம் அதோடு முடிந்ததே’ என்று ஒருவர். எனக்கும் ஒரு ராத்திரி முழுக்க அப்படித்தான் இருந்தது. ஆனால் அதே பத்திரிகையில் 1908 ஜூனில் மறுபடி வருகிறது, அங்கே பந்தும் இல்லை மட்டையும் இல்லை. ராஸ்கோ என்று ஒருத்தர் மீன் பிடிக்கப் போய்விட்டுப் பெரிய கதையோடு வந்திருக்கிறார். நின்று கேட்க எங்களால் ஆகாது, யாராவது ஏமாந்த ஆள் மாட்டினால் அவனிடம் ‘ஹோல் நைன் யார்ட்ஸ்’ கொடுப்பார் என்று எழுதியிருக்கிறார்கள்.

இந்த ராஸ்கோவை எனக்குத் தெரியும். எங்கள் தெருவிலும் ஒருவர் இருந்தார், காவிரியில் பிடித்த விரால் ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் ஒரு சாண் வளரும்.

பிப்ரவரி 20, இரவு 9.30

துணிக்கடைக்காரன் மகனுக்கு விருந்து. இதைவிடப் பழசு ஒன்று இருக்கிறது, ஆனால் அது மரபுத்தொடராக அல்ல, நிஜத் துணியாக. 1855 ஜனவரி, இண்டியானாவின் நியூ ஆல்பனி என்ற ஊரின் நாளிதழ், ‘நீதிபதியின் பெரிய சட்டை’ என்று ஒரு நகைச்சுவைக் கதை. நீதிபதி புதுச் சட்டையை மாட்டுகிறார், பார்த்தால் அது ஐந்து கெஜ நீளமும் நாலு கெஜ அகலமுமாக அவரை விழுங்குகிறது. மூன்று சட்டைக்குத் துணி எடுக்கச் சொன்னேன், இந்த மக்கு ஒன்பது கெஜத்தையும் ஒரே சட்டையில் போட்டுவிட்டாளே என்று கத்துகிறார். அந்த ‘ஒன்பது கெஜத்தையும்’ என்ற இடத்தில் இருப்பது சாட்சாத் ‘தி ஹோல் நைன் யார்ட்ஸ்’.

கணக்கைப் பாருங்கள். ஒன்பதில் மூன்று சட்டை, சட்டைக்கு மூன்று கெஜம், அதாவது 2.74 மீட்டர். 36 பன்னாத் துணியில், அதாவது 36 அங்குல அகலத் துணியில், முழுக்கைச் சட்டைக்கு நம் டெய்லர் இரண்டரை மீட்டர் கேட்பார், ஆள் கொஞ்சம் வாட்டசாட்டம் என்றால் இன்னும் கால் மீட்டர் சேர்த்து எடுத்துவரச் சொல்வார். நீதிபதி வாட்டசாட்டம், அவ்வளவுதான். கதை எழுதினவருக்குத் துணிக் கணக்கு தெரிந்திருக்கிறது.

அமெரிக்க வரைபடத்தை எடுத்து மூன்று ஊரையும் குறித்தேன். நியூ ஆல்பனி ஓஹையோ ஆற்றங்கரை, எதிர்க்கரை கென்டக்கியின் லூயிவில். மிட்ச்செல் அதற்கு வடக்கே அதே தென் இண்டியானாவில். மவுண்ட் வெர்னன் ஆற்றுக்குத் தெற்கே கென்டக்கியில். பிறகு 1956-லும் 57-லும் இந்தத் தொடர் தலைநீட்டுவது எதில் தெரியுமா? கென்டக்கி மாநில மீன்வளத் துறை நடத்திய வேட்டை, மீன்பிடிப் பத்திரிகையில். மீன்பிடிப் போட்டிக்கு என்னென்ன பரிசு என்று அடுக்கிவிட்டு, ‘இதுதான் ஹோல் நைன் யார்ட்ஸ்’ என்று முடிக்கிறார்கள். ஐம்பது வருஷம் கழித்தும் அதே வட்டாரம், அதே தூண்டில். ராணுவத்துக்கும் ராக்கெட்டுக்கும் போனதெல்லாம் பிற்பாடு.

பிப்ரவரி 21, காலை 7.45

‘அந்தச் சட்டைக் கதைதான் மூலம் என்கிறீர்களா?’ இல்லை. அது துணியைத் துணி என்றே சொல்கிறது. அந்த வட்டாரத்துக் காதுக்கு இந்த மூன்று சொல்லும் சேர்ந்து வருவது பழக்கம் என்பதற்கு அத்தாட்சி, அவ்வளவுதான். மெத்தைக்கு அடியில் கிடந்த கெஜக்கோல் மாதிரி.

மார்ச் 2, இரவு 10.55

பத்து நாளாக மனதில் ஊறிக்கொண்டிருந்தது. நேற்று சலூனில் பக்கத்து நாற்காலிக்காரர் யாரைப் பற்றியோ, ‘அவன் அளக்கறதை எல்லாம் நம்பாதீங்க அண்ணே’ என்றார். முகத்தில் சோப்பு நுரையோடு நிமிர்ந்துவிட்டேன், கத்தி காதோரம் நின்றது.

அளக்கிறான்! நாம் கதையை அளப்பவர்கள். படியால் நெல் அளப்பது மாதிரி, கோலால் துணி அளப்பது மாதிரி, வாயால் கதை அளக்கிறோம். ‘அளந்துவிட்டான்’ என்றால் பொய்யும் கலந்து நீளமாகச் சொன்னான் என்று மூன்று வயதுப் பிள்ளைக்கும் தெரியும். சரடு விடுகிறோம், கயிறு திரிக்கிறோம், ரீல் விடுகிறோம், எல்லாம் நூல்கண்டுச் சமாசாரம். ஆங்கிலத்திலும் நீளக் கதைக்கு நூல் என்றுதான் பெயர், அதை நூற்பதாகச் சொல்வார்கள்.

இப்போது அந்தப் பழைய தாள்களைத் திரும்பப் பாருங்கள். 1908-ல் ராஸ்கோ கொடுக்கப்போவது என்ன? மீன் கதை. ஒன்பது கெஜமும் அளந்துவிடுவார். 1912 மே மாத ஆறு கெஜம் என்ன? குடியரசுக் கட்சிக்குள் டாஃப்டும் ரூஸ்வெல்ட்டும் அடித்துக்கொண்ட வருஷம் அது. எதிர்க்கட்சிக்காரர் எழுதுகிறார்: கொஞ்சம் பொறுங்கள், சண்டை சூடேறட்டும், அவர்களே ஆறு கெஜத்தையும் சொல்லிவிடுவார்கள். வண்டவாளம் தண்டவாளத்தில் ஏறும் என்போமே, அதே பாவம். ஜூனில்? நாலு நாள் ஊரில் இல்லை, செய்தி முழுசாகச் சேகரிக்க முடியவில்லை, அடுத்த இதழில் ஆறு கெஜமும் தருகிறோம். 1964 விண்வெளிக்காரனுக்கும் அது ரிப்போர்ட்தான். முதல் பேஸ்பால் ஒன்றைத் தள்ளினால், சொல்வது, சொல்வது, சொல்வது. சுடுவது எங்கே, கொட்டுவது எங்கே?

தோட்டா, கான்கிரீட், பாய்மரம், மடிசார் என்று எல்லோரும் ஒன்பது கெஜ நீளமுள்ள பொருளைத் தேடினோம். நானும் அதில் சேர்த்திதான். அளக்கப்பட்ட பொருள் பேச்சு. பேச்சைத் துணிக் கோலால் அளந்திருக்கிறார்கள், அதனால்தான் ஒரு ஊரில் ஆறு, இன்னொரு ஊரில் ஒன்பது. நாம் ‘ஆயிரம் தடவை சொன்னேன்’ என்கிறோம், யாரும் எண்ணிப் பார்த்துச் சண்டைக்கு வருவதில்லை. இது என் முடிவு. கென்டக்கியில் யாரும் கையெழுத்துப் போட்டுத் தரவில்லை, ஆனாலும் சித்தப்பாவின் 27 அடியை விட எனக்கு இது நிற்கிறது.

மார்ச் 2, இரவு 11.20

‘இத்தனை நாள் நீங்கள் இங்கே செய்ததும் அதுதானே’ என்று ஒருவர் உடனே கேட்டுவிட்டார். ஆமாம். இதுவரை ஏழு கெஜம் வந்திருக்கும்.

மார்ச் 5, காலை 8.10

அமர்க்களமாக உடுத்தியிருப்பதை ஆங்கிலத்தில் ‘டிரெஸ்டு டு தி நைன்ஸ்’ என்கிறார்களே, அது இதிலிருந்து வந்ததா என்று கேட்டவருக்கு: இல்லை. அந்த ஒன்பது இதைவிட மிகப் பழசு, பதினெட்டாம் நூற்றாண்டு ஸ்காட்லாந்திலேயே ‘டு தி நைன்’ என்றால் குறையில்லாமல் என்று அர்த்தம். ஒன்பது என்ற எண்ணைக் கண்டாலே ஆங்கிலக்காரனுக்கு ஒரு மயக்கம். நவராத்திரி, நவதானியம், நவக்கிரகம் என்று வைத்திருக்கும் நாம் அவனைக் கேலி செய்ய முடியாது.

மார்ச் 9, இரவு 9.15

ஊருக்குப் போயிருந்தேன். கடை மூடிப் பத்து வருஷம் ஆகிறது, கெஜக்கோல் மட்டும் பரணில் இருந்தது, ஒரு முனையில் துரு. அப்பாவிடம் இந்தக் கதை முழுவதையும் சொன்னேன், வாட்ஸாப், கென்டக்கி, ராஸ்கோ, நீதிபதி சட்டை எல்லாம். கோலைத் துடைத்துக்கொண்டே கேட்டார். நீதிபதி சட்டைக்கு மட்டும், ‘கட் பீஸ்னா இன்னும் குறைச்சு எடுத்திருக்கலாம்’ என்றார்.

கடைசியில், ‘மடிசாருக்கு ஒம்பது கெஜம்னு எவன் சொன்னான்?’ என்றார். நீங்கள்தானே அளந்து கொடுப்பீர்கள் என்றேன்.

‘பேருதான் ஒம்பது கெஜம். கொஞ்சம் பூசினாப்புல இருந்தா கொசுவம் நிக்காதுன்னு பத்து கெஜமா கேப்பாங்க. ஒம்பது பத்தாதுடா.’

நான் சிரித்ததைப் பார்த்து, என்ன என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருக்காமல், 1978-ல் பத்து கெஜம் பட்டு என்ன விலைக்குப் போனது, அதில் தறிக்காரருக்கு எவ்வளவு பாக்கி நின்றது என்று ஆரம்பித்துவிட்டார்.